ருயூவின் ஜாடியில் ஏழு முடிச்சு

பெந்துவா ஒரு பயந்தாங்கொள்ளி. அதில் அவனுக்கே சந்தேகம் கிடையாது. இருபது வருடமாகப் பிணங்களின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறுப்புகளைக் கழுவி, உப்பில் காயவைத்து, துணி சுற்றி, ஜாடியில் வைத்து மூடுகிற ஆள். இன்றைக்கும் ஒவ்வொரு பிணத்திடமும் "கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பான். பிணம் பதப்படுத்துகிற கொட்டகையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஊரிலோ சிரிப்பதற்குக்கூட யாரும் பக்கத்தில் வருவதில்லை. ரொட்டிக்காரி அவன் பங்கைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவனுக்கும் ஒருத்தி வாய்த்தாள் என்பதே ஆற்றின் மேற்குக் கரையில் பெரிய பேச்சு. அவள் பெயர் ஹுன்ரோ, மீன் காயவைக்கிற வீட்டுப் பெண். "எனக்கு மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு, நீ தாராளமா வா" என்று சொன்னவள்.

ஹுன்ரோவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது தங்கியபோது மருத்துவச்சி வாபெத் ஒரு நூல்கயிற்றைக் கொடுத்து, அவன் கையாலேயே ஏழு முடிச்சு போடவைத்தாள். முடிச்சு இருக்கும்வரை பிள்ளை உள்ளே நிற்கும். வலி எடுத்ததும், போட்ட கையே அவிழ்க்கவேண்டும். அவிழ்த்தால்தான் பிள்ளைக்கு வழி. அவன் அதை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிந்தான்.

அந்தக் கயிறுதான் வலி எடுப்பதற்குப் பத்து நாளைக்கு முன்பு காணாமல் போனது. அன்று ஜாடிக்குப் போனவள் ருயூ, கோயில் களஞ்சியத்து எழுத்தரின் மனைவி. பிரசவத்தில் செத்தவள். பிள்ளையும் தங்கவில்லை. அவள் உறுப்புகளை வைத்த நான்கு ஜாடிகளையும் பிசின் ஊற்றி மூடிய பிறகு, கை கழுவும்போதுதான் பெந்துவா வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். உப்புக் குவியல், துணிமூட்டை, வாய்க்கால் ஓரம், எல்லாம் தேடினான். ஜாடிக்குள் மட்டும் தேடவில்லை. மூடிய ஜாடியைத் திறந்தவனுக்கு மூக்கும் காதும் மிஞ்சாது. அதைவிட, செத்தவள் சும்மா விடமாட்டாள். அதனால் இந்தப் புத்திசாலி என்ன செய்தான்? வேறொரு கயிற்றில் ஏழு முடிச்சு போட்டுக் கையில் மாட்டிக்கொண்டு, வீட்டில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான்.

வலி வந்தது. வாபெத்தின் கண்முன்னே பொய்க்கயிற்றை அவிழ்த்தான். ஒரு பகல் போயிற்று. மறு பகலும் போயிற்று. ஹுன்ரோ பிரசவச் செங்கற்களின்மேல் குந்தியபடியே துவண்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் வாபெத் வெளியே வந்தாள். "ஏம்ப்பா, ஏழையும் அவுத்தியா? ஒண்ணும் விடலையே?"

"உன் முன்னாடிதானக்கா அவுத்தேன்."

"பின்ன ஏன் கட்டிப்போட்ட மாதிரி நிக்குது புள்ள? இன்னிக்குப் பொழுது அவ தாங்க மாட்டா. சொல்லிட்டேன்."

அவன் கொட்டகைக்கு ஓடினான். அன்றைக்குத்தான் ருயூ செத்து எழுபதாவது நாள், அடக்கம் செய்கிற நாள். வெயில் ஏறுவதற்குள் ஜாடிகள் மலைக்குப் போய்விடும். கல்லறை வாசலை அடைத்துவிட்டால் ஹுன்ரோவின் வாசலும் அடைத்தமாதிரிதான்.

கொட்டகை முற்றத்தில் ஒப்பாரிக்காரிகள் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாருமில்லை. பெட்டிக்குள் நான்கு ஜாடிகள், மூடிக்கு ஒரு தலையாக நான்கு தலைகள்: ஈரலுக்கு மனிதன், நுரையீரலுக்குக் குரங்கு, இரைப்பைக்கு நரி, குடலுக்குப் பருந்து. எல்லாம் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது. எதில் இருக்கும்? நான்கையும் உடைக்க நேரமில்லை. கையைப் பார்த்தான். வார்போலக் காய்ந்த குடலை மட்டும்தான் இடது கையில் சுற்றிச் சுற்றி மடித்து, அப்படியே கழற்றித் துணிக்குள் வைப்பது. கயிறும் அதோடு கழன்றிருக்கும்.

பருந்தைத் திருகினான். பிசின் வெடித்த சத்தத்தில் அவனுக்கு உயிரே போய்விட்டது.

"ருயூம்மா, நான் திருட வரல. என் பொருள் உங்ககிட்ட வந்திருச்சு. அத மட்டும் எடுத்துக்கறேன்."

துணியை விலக்கினான். கயிறு அங்கேதான் இருந்தது, குடலோடு குடலாகச் சுருண்டு. இழுத்தான். வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்திருப்பதாகவே நினைத்தான். மறுபடி இழுத்தபோது வந்தது.

அடுப்பிலிருந்த சூடான பிசினை அள்ளி மூடியைச் சுற்றிப் பூசி முடிக்கவும், கொட்டகை மேஸ்திரி சென்னுபேர் அடக்கச் சடங்குக்கான நரி முகமூடியோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. பருந்தின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஏன்டா, இது பிசுபிசுங்குது?"

"விரிசல் விட்டிருந்தது ஐயா. பூசி விட்டேன்."

"கை ஏன் இப்படி நடுங்குது?"

"என்னிக்கு ஐயா நடுங்காம இருந்திருக்கு?"

முகமூடிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. "போ, போய்த் தொலை. உன் மூஞ்சியப் பாத்தா பொணமே பயந்துரும்."

வாழ்நாளெல்லாம் பயந்தது அந்த ஒரு நாளைக்கு உதவிற்று.

ஓடிக்கொண்டே பல்லால் முடிச்சுகளைக் கடித்தான். பிசினும் உப்பும், நினைக்கக்கூடாத வேறொன்றும் நாக்கில் கசந்தன. வீட்டு வாசலை எட்டுவதற்குள் ஆறு முடிச்சு அவிழ்ந்தது. ஏழாவது கல்லாக இறுகியிருந்தது. உள்ளே ஹுன்ரோவின் சத்தம் இல்லை. அலறல் கேட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. முடிச்சு அசையவில்லை. செத்தவள் ஏன் விடவில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ருயூவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் நாளைக்கே வேறொருத்தியைக் கட்டுவான். அவள் பெயரைச் சொல்ல இந்தப் பூமியில் ஆள் கிடையாது. பெயரைச் சொல்வது நின்றால் அவளும் மறு உலகில் இல்லாமல் போவாள்.

"ருயூம்மா," என்றான் படியில் விழுந்து. "உங்க பேர நான் சொல்றேன். தெனம் சொல்றேன். நான் சாகறவரைக்கும் சொல்றேன். அவள விட்டுருங்க."

ஏழாவது முடிச்சு, அப்போதுதான் போட்டது மாதிரி, இழுத்ததும் அவிழ்ந்தது. உள்ளே ஒரு குழந்தை கத்தியது.

பெண். ஹுன்ரோ வெளிறிப்போய், ஆனால் கண் திறந்து கிடந்தாள். "என்ன பேரு வைக்கலாம்?"

"ருயூ."

"யாரு அது?"

"தெரிஞ்சவங்க," என்றான். அதற்குமேல் அவன் சொல்லவில்லை, இன்றுவரை.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. சொன்ன பேச்சுக் கேட்காது, வாய்க்கால் சேற்றிலேயே கிடக்கும். "நான் தொண்ட கிழியக் கத்தணும், மகாராணி அசைய மாட்டா," என்று ஹுன்ரோ குறைப்படுவாள். "நீ மெல்லச் சொன்னாக்கூட எங்கிருந்தாலும் வந்து நிக்கிறாளே, என்ன மருந்து வச்ச?"

பெந்துவா சிரித்துச் சமாளிப்பான். கொடுத்த வாக்குக்காகத் தினமும் ஒரு தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிட்டதும் பிள்ளை சேற்றுக்காலோடு வந்து, அவனுடைய இடது மணிக்கட்டை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அது தானாக விடும்வரை அவன் கையை அசைக்க மாட்டான்.