மாவுக்கடையில் சார்ஜென்ட் டொரோத்தி

“கழுத்தில் கயிறு இறுகிய தடம் இல்லை. ஆனால் நாக்கு நீலமாக இருந்தது. சார்ஜென்ட் டொரோத்தி கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள்... அண்ணே, ஒங்களுக்கு ஒரு கிலோவா, அரையா?”

கேட்டது என்னைத்தான். அரை என்றேன். கடை நடத்தும் பாஜிலா கிரைண்டருக்குள் கையை விட்டு மாவை வழித்துக்கொண்டே, சுவரில் சாய்த்து வைத்த போனைப் பார்த்து மிச்சப் பிணப் பரிசோதனையைச் சொல்லி முடித்தார். அவர் வாயால் சொல்லும் நாவலைப் போன் எழுத்தாக்கிக்கொள்ளும். சமயத்தில் மாவு வாங்க வந்த எங்கள் குரலும் உள்ளே போய்விடும். ஒருமுறை விசாரணைக் கூண்டில் நின்ற கொலைகாரன் திடீரென்று “தோசைக்குத்தேன், கொஞ்சம் தண்ணியா குடுங்க” என்றான். வாசகர்கள் அதை ரகசியச் சங்கேதம் என்று நினைத்து ஒரு வாரம் விவாதித்தார்கள்.

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், ஒரு ஷட்டர் அகலமே உள்ள கடை அது. பாஜிலாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். முக்காட்டின் நுனியைக் காதோரம் ஊக்கு போட்டு நிறுத்தியிருப்பார். உளுந்து பதம் வந்ததா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார். அது மிதந்தால், “ம், உசுரு இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மூழ்கினால் ஒன்றும் சொல்ல மாட்டார், மறுபடி ஆட்டுவார்.

அவருடைய நாவல்கள் ஒரு செயலியில் வாரா வாரம் தொடராக வருகின்றன. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாலைவனத்தில் ஒரு ராணுவ முகாம். அங்கே நடக்கும் கொலைகளைத் துப்பறிகிறவள் ராணுவப் போலீஸ்காரி டொரோத்தி. ஆறடி உயரம், செம்பட்டை முடி, தோளில் பட்டை. கோபம் வந்தால் மட்டும் “ஆத்தாடி, இவன் என்னா ஆட்டம் ஆடுறான்” என்று சுத்தமான தேனிக்காரியாகிவிடுவாள். பல ஆயிரம் பேர் காத்திருந்து படிக்கிறார்கள். என் சிறுகதைத் தொகுப்பு நூலகத்தில் இன்னும் பசை வாசனை மாறாமல் இருக்கிறது. எனக்குப் பொறாமைதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

அந்தப் பொறாமையில்தான் ஒரு விடுமுறை நாளில் மூன்று நாவல்களை வரிசையாகப் படித்தேன். முதலாவதில் இறப்பவன் முகாமின் சலவைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தமிழ் இளைஞன், விஷம் வைத்துவிடுகிறார்கள். இரண்டாவதில் பெயர் வேறு, ஊர் வேறு, ஆனால் அவனும் சலவைக்காரன், குத்திவிடுகிறார்கள். மூன்றாவதிலும் சலவைக்காரன்தான். மூன்று பேருக்கும் இடது புருவத்தில் வாய்க்கால் படியில் விழுந்த வெட்டுத் தழும்பு. மூன்று பேருக்கும் தேங்காய்ச் சட்னி பிடிக்காது. ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செத்துக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தபோது, பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் வீட்டில், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான்காவதைத் திறக்கப் பயமாக இருந்தது.

மறுநாள் கேட்டேன். பாஜிலா மறைக்கவில்லை.

“அது என் தம்பிண்ணே. ஆரிப். அந்த மாதிரி ஒரு கேம்ப்ல துணி வெளுக்கத்தேன் போனான். செத்துட்டான்னு ஏஜெண்டு போன் பண்ணுனாக. மிலிட்டரி போலீஸ் வந்து பாத்தாகளாம், ஆக்ஸிடெண்ட்டுன்னு எழுதிட்டாகளாம். அங்கனயே அடக்கம் பண்ணிட்டாக. மொகத்தக்கூட நாங்க பாக்கல.”

“அதுக்காக இப்படியா...”

“எப்டிச் செத்தான்னு எனக்குத் தெரியாதுல்ல? அதேன் ஒவ்வொண்ணா வச்சுப் பாக்குறேன். சரியானது வந்துட்டா எழுதுறப்பவே தெரிஞ்சுபோகும்.”

“வந்துச்சா?”

“பதினோரு நாவல் ஆச்சு. ஒண்ணும் பொருந்தல.”

வெங்காய விலையைச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் கணவர் ஷரீப் திராட்சை வியாபாரி. இந்த நாவல்களைத் தொடுவதே இல்லை. “மச்சினன எத்தன தடவதேன் அடக்கம் பண்றது?” என்று என்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சுரேஷ்கண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுமந்தன்பட்டிக்காரர். ஆரிப்போடு அதே முகாமில், அதே சலவைப் பிரிவில் இருந்தவர். அவர் ஊர் திரும்பிய புதிதில் பாஜிலா தேடிப் போய் விசாரித்திருக்கிறார். “எனக்கு அன்னைக்கி டூட்டி வேற எடத்துலக்கா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாராம். அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். அனுமந்தன்பட்டியில் மாவு கிடைக்காமல் இல்லை, வழியெல்லாம் மாவுக்கடைகள். அத்தனையையும் தாண்டி, சாயங்காலம் தவறாமல் இந்தச் சந்துக்கே பைக்கில் வந்து நிற்பார். பேச்சுக் கிடையாது. மாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

பாஜிலாவின் வழக்கம் ஒன்றை நான் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். கொலை நடக்கும் காட்சியை அவர் காலையிலோ மத்தியானத்திலோ சொல்வதில்லை. சந்து முனையில் அந்த பைக் சத்தம் கேட்ட பிறகே ஆரம்பிப்பார். குரல் ஒரு படி ஏறும். வாய் போனுக்குச் சொல்லும்; கண் சுரேஷ்கண்ணன் முகத்தில் இருக்கும். விஷம் என்றபோது அவர் சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி என்றபோது கொட்டாவி விட்டார். அவர் போன பிறகு பாஜிலா உதட்டைப் பிதுக்குவார். அந்த நாவல் பொருந்தவில்லை என்று அர்த்தம். சொந்தத் தம்பியின் சாவை ஒரு ஆளுக்கு முன்னால் விதவிதமாக நடத்திக் காட்டி முகம் பார்க்கிற அந்த நிதானம் என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. அந்த மாவில் சுட்ட தோசையைத் தின்னும்போதும் அதே நினைப்புதான்.

போன ஆனியில் ஒரு சாயங்காலம். குமுளி மலைப் பக்கமிருந்து இறங்கிய காற்று ஷட்டரை உலுக்கிக்கொண்டிருந்தது. சுரேஷ்கண்ணன் வந்து நின்றார். பன்னிரண்டாவது நாவலில் பாஜிலா கொலைக் காட்சிக்கு வந்திருந்தார்.

“சலவைக் கண்டெய்னரின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே துணி மூட்டைகளுக்கு நடுவே கொலைகாரன் அவனுக்காகக் காத்திருந்தான்...”

அப்போது மின்சாரம் போனது. கிரைண்டர் முனகி நின்றது. சந்து முழுக்க இருட்டு. பாஜிலா நிறுத்தவில்லை. சத்தம் அடங்கிய கடைக்குள் அந்தக் குரல் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

“...கதவு திறந்தது. அவன் உள்ளே நுழைந்தான். பின்னாலிருந்து ஒரு கை...”

“உள்ள யாரும் இல்லக்கா.”

என் பக்கத்திலிருந்துதான் வந்தது அது. பாஜிலா பேச்சை நிறுத்தினார். போனை எப்போது அணைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

“அவன் மட்டுந்தேன் இருந்தான்” என்றார் சுரேஷ்கண்ணன். “வெளிய நெருப்பு மாதிரி வெயிலுக்கா. கண்டெய்னர்ல ஏசி ஓடும், அது நின்னா இரும்புப் பொட்டி அடுப்பாயிரும். வேல இல்லாதப்ப மூட்டைக்குப் பின்னால படுத்துக்கிருவோம், மேலாளுக்குத் தெரியாம. எல்லாரும் செய்யிறதுதேன். ஷிப்டு முடிஞ்சா மெயினை ஆப் பண்ணிட்டு, வெளிய தாழ்ப்பாப் போட்டுப் பூட்டணும். பூட்டுறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவ சத்தம் குடுக்கணும்.”

காற்று ஷட்டரை அடித்தது. 

“அன்னைக்கி பூட்டுனது நான்தேங்க்கா. சத்தம் குடுக்கல. சாப்பாட்டு பஸ்ஸு கெளம்பிருச்சு, ஓடிட்டேன். மறுநா வெள்ளி, லீவு. ரூம்ல இல்லையேன்னு பாத்தோம், நைட் டூட்டிக்கு மாத்திட்டாகன்னு நெனச்சுட்டோம். உள்ள போன் விட மாட்டாக. தட்டியிருப்பான்க்கா. பக்கத்துல ஜெனரேட்டரு, யாருக்குக் கேக்கும்? சனிக்கெழம கதவத் தொறந்ததும் நான்தேன்.”

 சுரேஷ்கண்ணனே மேலே சொன்னார்.

“போலீஸ் கேட்டாக. காத்துல தானா சாத்தி தாழ்ப்பா விழுந்திருக்கும்னு சொல்லிட்டேன். ஆக்ஸிடெண்ட்டுன்னு எழுதிட்டாக. வேணும்னு செய்யலக்கா. தெனம் சொல்லத்தேன் வர்றேன். வந்தா மாவு வாங்கிட்டுப் போயிருறேன்.”

பதினோரு நாவலில் எத்தனை கொலைகாரர்கள், எத்தனை சதிகள். ஆறடி டொரோத்தி விலங்கு மாட்ட ஒருவன்கூட அந்தக் கண்டெய்னரில் இருந்திருக்கவில்லை.  அங்கிருந்து போய்விட நினைத்தேன், போகவில்லை.

பாஜிலா கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவர் வாசலுக்கு இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. சுரேஷ்கண்ணனுக்கு எதிரே, மிக அருகில் போய் நின்றார்.

“பூட்டுனது எந்தக் கைய்யி தம்பி?”

 சுரேஷ்கண்ணன் வலது கையை மெல்ல நீட்டினார். பாஜிலா மாவு அப்பிய தன் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அந்த இருட்டில், ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.