மச்சான் சொல்றது பிழை

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், எதையும் பல்லாயிரம் மடங்கு பெருப்பித்துக் காட்டும் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு வெளியாட்களும் நேரம் கேட்கலாம். விண்ணப்பம் கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், நிந்தவூரில் நெல் மில் வைத்திருப்பவர். நல்ல பருமன், வெள்ளைத் தொப்பி, தாடியில் தவிட்டுத் தூள். கதைக்கும்போதே சேர்ட் பையிலிருந்து நெல்மணியொன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்.

ஆய்வு மாணவனான என் இரண்டு விண்ணப்பங்கள் ஏற்கெனவே ‘கருதுகோள் தெளிவில்லை’ என்று திரும்பியிருந்தன. அவருடையதை எட்டிப் பார்த்தேன். கருதுகோள் என்ற இடத்தில் ‘மச்சான் சொல்றது பிழை’ என்று எழுதியிருந்தார்.

“இப்பிடி எழுதலாமா காக்கா?” என்று அந்த அண்ணனைக் கேட்டேன்.

“என்ட மில்லுதான் அரிசிய உடைக்குதெண்டு மச்சான் ஊரெல்லாம் கதைக்கிறார், தம்பி. நெல்லு வயல்லயே உள்ளுக்க வெடிச்சுத்தான் வருது. அதத்தான் பாக்கணும்.”

அடுத்த கிழமை அவருக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தது. என்னுடையது மூன்றாம் தரமும் திரும்பியது. அதை வாங்கப் போன என்னை, “சும்மா நிக்காம வாங்க” என்று உள்ளே கூட்டிப்போனார்.

மில்லுக்குப் போகாத நெல்லைக் கையால் உரித்து வைத்தார்கள். திரையில் தெரிந்த மணியில் ஒரு வெடிப்பும் இல்லை.

“இன்னொண்டு பாப்பம்.”

பத்து நெல்மணி பார்த்தோம். எல்லாம் முழுசு. தாடியைத் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்துவிட்டார்.

“மச்சான் சொன்னதுதான் சரி. படத்த அச்சடிச்சுத் தாங்க, இப்பவே கொண்டுபோய்க் காட்டுறன்.”

மிச்ச ஒரு மணித்தியாலத்தை எனக்குத் தந்துவிட்டுப் போனார். பையிலிருந்த என் மாதிரியை அந்த நேரத்தில் வைத்துப் பார்த்ததில், என் கருதுகோளும் பிழையென்று தெரிந்தது. அதை என் பேராசிரியரிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது.