சூடில்லாமல் கொதித்த போத்தல்

அக்காவுக்கென்று நான் ஒளித்துவைத்த கருப்பணி, சனிக்கிழமை வள்ளம் வரும்வரை கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும். பத்து வயதில் எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

எழுவைதீவில் எங்கள் வகுப்பில் நாங்கள் நான்கு பேர். வீட்டில் அம்மாவும் நானும். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். அக்கா யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்து, அங்கேயே தங்கி, சனிக்கிழமைகளில் ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளத்தில் வருவாள். தைப்பொங்கலுக்குப் பிறகு அவள் வரவில்லை. ஏனென்று கேட்டால், "கடையிலை வேலை கூட" என்பார் அம்மா. மறுபடி கேட்டால், "அவளின்ரை கதையை எடுக்காதை. எனக்குக் கொதி வரும்." எங்கள் ஊரில் கோபத்துக்கும் கொதி என்றுதான் பெயர்.

எங்கள் வளவுப் பனைகளைச் சீவும் மாமா, அந்த வருடத்தின் முதல் கருப்பணியை ஒரு வியாழக்கிழமை காலையில் கொண்டுவந்து தந்தார். பாளையில் வடிவது புளிக்காமலிருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கும் இனிப்பு அது. மாங்காய்த் துண்டு போட்டுக் குடிக்க அக்காவுக்கு அவ்வளவு ஆசை. இந்தச் சனிக்கிழமையாவது வருவாள் என்று நம்பி, நான் இரண்டு மிடறு குடித்துவிட்டு, மீதியை ஒரு பெரிய பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் ஊற்றி, மாங்காயையும் நறுக்கிப் போட்டேன்.

மாமா கண்டுவிட்டார். "வைக்காதை பிள்ளை. இண்டைக்கே குடிச்சு முடி. நாளைக்கு அது வேறை சாமான்."

வேறை சாமான் என்றால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. காற்றுப் பட்டால்தான் பழுதாகும் என்று நானே முடிவுசெய்து, மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அக்காவின் இரும்பு அலுமாரிக்குள், அவளுடைய சட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்தேன். அம்மா அதைத் திறப்பதே இல்லை என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தபோது போத்தல் கல்லைப்போல இறுகியிருந்தது. உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை.

அன்றைக்கு விஞ்ஞான பாடத்தில் ரீச்சர் கண்ணாடி முகவையில் தண்ணீரை விளக்கின்மேல் கொதிக்கவைத்து, வெப்பமானியை உள்ளே பிடித்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெப்பமானி தொண்ணூற்றெட்டில் நின்றுவிட்டது. "நூறு எண்டு எழுதுங்கோ," என்றார் ரீச்சர். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்குமேல் ஏறவில்லை.

"இனி ஏறாது. இப்ப குடுக்கிற வெப்பம் எல்லாம் தண்ணியை ஆவியாக்கப் போகுது. வெப்பமானியிலை தெரியாது."

நான் எழும்பினேன். "சூடில்லாமல் கொதிக்குமோ ரீச்சர்?"

"எது கொதிக்குது?"

"ஒரு போத்தல் கருப்பணி."

"ரீச்சர், இவ கள்ளு வைச்சிருக்கிறா!" என்று பின்வாங்கிலிருந்து ஒருத்தி கத்தினாள். நான்கு பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் சிரித்தால் முழு வகுப்பும் சிரித்ததுபோலத்தான்.

ரீச்சர் சிரிக்கவில்லை. "குமிழி வாறது எல்லாம் கொதிப்பில்லை, பிள்ளை. இனிப்புப் புளிக்கேக்கை காபனீரொட்சைட்டு எண்ட வாயு வரும். மூடியிருந்தால் அதுக்குப் போக இடமில்லை. வெயில் பட்டால் இன்னும் நெருக்கும். வீட்டை போன உடனை மூடியைத் திறந்துவிடு."

வீட்டுக்குப் போய் மூடியைத் தொட்டுத் திருப்பினேன். ஸ்ஸ் என்றது. பயந்து திரும்ப இறுக்கிவிட்டேன். அக்காவுக்குரியது ஏதோ வெளியே போகிறது என்று நினைத்தேன். அவள் வந்து திறக்கும்போது எல்லாம் முழுதாக இருக்கவேண்டும். இன்னும் ஒரு நாள்தானே?

திறந்திருக்கலாம். இன்றைக்கும் என் மகளுக்குப் பால் கரைத்து, போத்தலைக் குலுக்கி, மூடியைத் தளர்த்தி, சரியாகத் தளர்த்தினேனா என்று மறுபடி பார்க்கும்போது, அன்றைக்குத் திறந்திருக்கலாம் என்று தோன்றும். திறந்திருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்றும் தோன்றும்.

சனிக்கிழமை துறையில் நின்றேன். வள்ளத்திலிருந்து அரிசி மூட்டை இறங்கியது, எரிவாயுச் சிலிண்டர் இறங்கியது, ஒரு கிழவர் இறங்கினார். அக்கா இல்லை. கள்ளு என்று கத்திய அதே பெட்டை பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்ரை கொக்கா வரமாட்டா. சேர்ச்சுக்குப் போற வேதக்காரப் பெடியனைக் கட்டிட்டாவாம். கொம்மா படலை தாண்ட விடமாட்டாவாம்."

"கட்டினால் என்ன? வந்து கருப்பணி குடிச்சிட்டுப் போகலாம்தானே?"

அவள் போய்விட்டாள். வள்ளம் திரும்பி, புள்ளியாகி மறையும்வரை நான் நின்றேன். பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

வீட்டு வாசற்படலையிலேயே புளித்த மணம் அடித்தது. தகரக் கூரையின் மத்தியான வெக்கையில் போத்தல் வெடித்திருந்தது. அலுமாரி திறந்து கிடந்தது. அக்காவின் சட்டைகளெல்லாம் நனைந்து வடிந்தன. ஒரு மாங்காய்த் துண்டு கதவில் ஒட்டியிருந்தது. அம்மா அதற்கு முன்னால் நிலத்தில் குந்தியிருந்தார்.

"ஆர் இதை இதுக்குள்ளை வைச்சது?"

"அக்காவுக்கு," என்றேன்.

கொதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அம்மா உடுப்புகளை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சவர்க்காரம் போட்டு ஒவ்வொன்றாகத் தோய்த்து, மணம் போகவில்லையென்று மறுபடி தோய்த்து, கொடியில் விரித்தார். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது: "என்ன, மூத்தவள் வந்திட்டாளோ?"

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

மேல்தட்டில் ஒரு மஞ்சள் சட்டை மட்டும் நனையாமல் தப்பியிருந்தது. அம்மா அதை எடுத்து, முகத்தோடு அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்தார். விடவே மனமில்லாதவர்போல நெடுநேரம் அப்படியே நின்றார்.

"அதிலை கள்ளு மணம் இல்லையம்மா. தோய்க்கத் தேவையில்லை," என்றேன், உதவி செய்யும் எண்ணத்தில்.

"ஓம்," என்றார் அம்மா. "இதைத் தோய்க்கமாட்டன்."

சட்டையை மடித்து உள்ளே வைத்து, அலுமாரியைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். கருப்பணி வைத்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அதுதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.