ஒன்பது கஜ நிவாரணம்

புயலில் தப்பியவர்களும் உதவப் போனவர்களும் சொல்வதைப் பதிவு செய்ய ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் பேசியவர் ஒரு தொண்டர். கசங்காத வேட்டி, யார் பேசினாலும் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் பழக்கம்.

“எங்காத்துப் புடவையெல்லாம் அள்ளிண்டு போய்க் குடுத்தேன். அத்தனையும் ஒன்பது கஜம்!” என்றார்.

மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெண் சிரித்தார். “எங்களுக்கு அதைக் கட்டத் தெரியலைங்க. ஓடெல்லாம் பறந்துபோச்சு, வெயிலுக்கு மேல விரிச்சுக் கட்டிட்டோம். நல்ல நீளம்!”

தொண்டர் முகம் சுண்டியது, ஒரு கணம்தான். மைக் மறுபடியும் அவர் பக்கம் போயிற்று.

“முன்னாடி சொன்னதை அழிச்சுடுங்கோ,” என்று தொண்டையைச் செருமினார். “வீடிழந்தவாளுக்கு நான் கூரை போட்டுக் குடுத்தேன்.”

இப்போதும் பதிவைப் போட்டுக் கேட்கிறேன். குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.