ஈட்டி நாற்காலிக்கு இன்னொரு பூச்சு

தமீமுக்கு மரவேலை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் அப்பா வைத்திருந்த பழைய சாமான் கடைக்கு உடைந்து வரும் நாற்காலிகளைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டார். பாலிஷும் அப்படித்தான். செதில் செதிலாக வரும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சு பொதிந்த துணியில் தொட்டுச் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பார். அதன்பின் ஒரு வாரம் அதில் யாரையும் உட்கார விடமாட்டார். அவசரப்படுத்துகிறவர்களிடம், "மேல காஞ்சா போதுமா? உள்ள காய வேணாமா?" என்பார்.

ராசிபுரத்துத் தறிக்காரர் தீனதயாளன், மகள் ரஞ்சனியின் வரவேற்பு மேடையில் போடுவதற்காகத் தம் வீட்டு ஈட்டி மர நாற்காலியைக் கொண்டுவந்தார். இருவர் அமரக்கூடியது. தமீம் ஆட்டம் கண்ட மூட்டுகளை இறுக்கி, கரையான் தின்ற காலுக்கு ஈட்டியிலேயே ஒட்டுப்போட்டு, பாலிஷும் முடித்து முன்கூட்டியே காயவிட்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். வரவேற்பன்று காலை நாற்காலியை மேடையில் இறக்கியதும் விளக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த வெளிச்சத்தில் பாலிஷ் மங்கலாகத் தெரிந்தது. ஊரே பார்க்கப்போகிற நாற்காலி. எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தமீம் இன்னொரு பூச்சு கொடுத்தார். தடிப்பாகவே கொடுத்தார். பளபளப்பு வந்துவிட்டது. மெத்தை போடட்டுமா என்று கேட்ட பந்தல்காரரிடம், "போட்டா மரம் தெரியுமா?" என்று மறுத்துவிட்டார்.

சாயங்காலம் ரஞ்சனி, அப்பா தறியில் நெய்த மாம்பழ நிறப் பட்டுடுத்தி மாப்பிள்ளையோடு அதில் உட்கார்ந்திருந்தாள். தீனதயாளன் பொன்னாடையும் கையுமாக மைக்கில் தமீமை அழைத்தார்.

"எந்திரி சாமி. பாய்க்கு வணக்கஞ் சொல்லு."

ரஞ்சனி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். "பொடவை ஒட்டிக்கிச்சுங்கப்பா."

தமீமுக்கு உடனே புரிந்துவிட்டது. காது மடல் சுட்டது. "இழுக்காத கண்ணு, கிழிஞ்சுரும்."

முன்வரிசையில் ஒருவர், "பாய் பாலிஷுன்னு கோந்தைத் தடவிட்டாராட்டம் இருக்குது" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அரக்கைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும். வாசலில் கைக்குத் தெளிக்க வைத்திருந்த சானிடைசரை எடுத்து வந்து, நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டார். கைக்குட்டையை நனைத்துப் பட்டுக்கும் பலகைக்கும் நடுவே நுழைத்தார். காலையில் கொடுத்த பூச்சு பழுப்புக் குழம்பாகி அவர் விரல்களில் வழிந்தது. சேலை விடுபட்டது. பின்புறம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

ரஞ்சனி முந்தானையை இழுத்து அதை மூடினாள். "தெரியாதுங்க பாய். உடுங்க."

தீனதயாளன் குனிந்து கறைபட்ட இடத்தை இரண்டு விரலால் பிடித்து, இழையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு பொன்னாடையை விரித்தார்.

"வேண்டாங்கண்ணே," என்றார் தமீம். கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மைக்குல சொல்லிப்போட்டனுங்க பாய்." குரலில் கோபம் இல்லை. "குனியுங்க."

குனிந்தார். பின்வரிசைகளில் என்ன நடந்ததென்று தெரியாதவர்கள் பலமாகக் கை தட்டினார்கள். போட்டோ எடுப்பவர், "கொஞ்சம் நிமிருங்க பாய்," என்று இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அப்படியே எடுத்துக்கொண்டார்.