அம்மாவின் முன்பல்

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்த்தேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பல் கட்டிக் கொடுப்போம். என் வேலை சுத்தமான வேலை என்று பெயர். எனக்கும் அந்தத் திமிர் உண்டு.

அம்மாவுக்கு மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை. வாய் ஓயாத மனுஷி. ஈறு நோயில் மேல்பற்கள் எல்லாம் போன பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள், அதுவும் கேட்டதற்கு மட்டும். தம்பிக்குச் சம்பந்தம் குதிர்ந்ததும், "சம்பந்தி வூட்ல நான் எப்டிடி வாயத் தொறப்பேன்?" என்றாள். "நான் எதுக்கு கீறேன்?" என்றேன் நான்.

பற்கள் தொழிற்சாலையிலிருந்து வரும். ரோஸ் நிற ஈறுதான் எங்கள் கைவேலை. மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, பித்தளை அச்சுப்பெட்டிக்குள் பிளாஸ்டரில் புதைப்போம். கொதிநீர் ஊற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும், பற்கள் பிளாஸ்டரிலேயே நிற்கும். காலியான இடத்தில் பவுடரும் திரவமும் குழைத்த மாவை அடைத்து, இறுக்கி, சுடுநீரில் வேகவைப்போம்.

சூட்சுமம் அந்தத் திரவத்தில்தான். பல்லும் பிளாஸ்டிக்தான், அதனுள் மூலக்கூறுச் சங்கிலிகள் ஏற்கெனவே முடிச்சிட்டு வலையாகி இருக்கும். திரவம் பல்லின் அடிப்பக்கமாகக் கசிந்து அந்த வலையின் கண்களுக்குள் நுழையும். சூடு ஏறியதும் அங்கேயே சங்கிலி கோத்து, முடிச்சிட்டு, தனக்கென்று ஒரு வலையைப் பின்னிக்கொள்ளும். மீன்வலையின் கண்களுக்குள்ளேயே நூல் விட்டு இன்னொரு வலை பின்னுவது மாதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு முடிச்சுகூட வேண்டாம், ஆனாலும் அறுக்காமல் பிரிக்க முடியாது. ஆனால் பல்லின் அடியில் மெழுகு லேசாகப் படிந்திருந்தால்கூடத் திரவம் உள்ளே போகாது. பல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அதனால் திரும்பத் திரும்பக் கொதிநீர் ஊற்றி, சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். டாக்டர்கள் அனுப்பிய வேலைக்கெல்லாம் அப்படித்தான் செய்தேன். அம்மாவுடையதை அவற்றுக்கு நடுவில் செருகி, ஒரே தடவை ஊற்றி முடித்தேன். நம்ம அம்மாதானே என்ற நினைப்பு.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில் நடந்தது. அம்மா பழையபடி வாய் நிறையச் சிரித்துப் பேசினாள். "எம் பொண்ணு செஞ்ச பல்லு" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். பிறகு தட்டையை எடுத்துக் கடித்தாள். முன்பல் ஒன்று மடியில் விழுந்தது.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சம்பந்தியம்மாளிடம் சொன்னாள்: "அது மேல தப்பு இல்லீங்க. கெட்டியா எதுவும் கடிக்காதன்னு படிச்சிப் படிச்சி சொல்லிச்சு. நாந்தான் கேக்கல."

நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

கொல்லைப்பக்கம் போய்ப் பல்லைத் திருப்பிப் பார்த்தேன். வலைகள் பின்னியிருந்தால், பல் பிய்ந்து வந்தாலும் அடியில் ரோஸ் துணுக்கு ஒட்டியிருக்கும். இது வழித்தெடுத்தது மாதிரி வழவழவென்று இருந்தது. நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது. ஊரான் வாய்க்குக் காட்டிய அக்கறையைப் பெற்றவள் வாய்க்குக் காட்டவில்லை.

அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செட் செய்தேன். கை வெந்துபோகும் அளவுக்குக் கழுவினேன். கல்லால் அடித்தாலும் பல் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போதெல்லாம் அம்மா அதைப் போட்டுக்கொண்டு, "சூப்பரா கீதுடி" என்பாள். எனக்கு மனசு ஆறிவிட்டது.

தம்பிக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து, வார நாள் ஒன்றில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள், சொல்லாமல் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே அம்மா பொக்கை வாயோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி, அவசரமாக டப்பாவைத் திறந்தாள்.

தம்பி மனைவி என் காதோரம் சொன்னாள்: "நீங்க வந்தாதான் போடுவாங்க அண்ணி. மத்த நாள்ல பயம், எங்கனா வுழுந்துடப் போவுதுன்னு. அப்டி வுழுந்தா உங்க பேரு கெட்டுடுமாம்."

அம்மா பற்களோடு திரும்பி உட்கார்ந்தாள். எனக்காக ஒரு வாய் எடுத்து, நன்றாக மென்று காட்டினாள். குழைய வடித்து ரசத்தில் கரைத்த சோறு அது. அதை மெல்லவே தேவையில்லை.