வீரன் மச்சானின் இடது கால்

என் அக்கா கங்காவின் புருஷன் வீரனுக்கு வாய் அவ்வளவாகக் கிடையாது. பேச வேண்டியதையெல்லாம் கால்தான் பேசும். ஜெராம் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வருஷம் டிராக்டர் ஓட்டியவர். மழைக்காலத்தில் பழக்குலை ஏற்றிய டிரெய்லர் களிமண்ணில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டால் மற்ற டிரைவர்கள் கயிறு தேடுவார்கள், முனியாண்டி சாமியைக் கூப்பிடுவார்கள். மச்சான் போய் ஏறி உட்கார்வார். கொஞ்ச நேரத்தில் வண்டி மேட்டில் நிற்கும். எப்படி என்று கேட்டால், "விட்டேன், வந்துச்சி" என்பார். இந்த மாதிரி பதிலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரவாங் ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க் நான். ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்டுப் பழகியவன்.

எண்பத்தாறில் அவருடைய முதுகு மக்கர் பண்ணியது. தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை வரும் டாக்டர் மகாதேவா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி டிராக்டர் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், கோலசிலாங்கூரில் கிளினிக் வைத்திருந்தார். மேனேஜர் பாலகிருஷ்ணன் துரையைக் குறை சொல்ல முடியாது. உடனே கேட்டில் ஜாகா வேலை தருகிறேன் என்றார். கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற லோரிக்குக் கம்பைத் தூக்கி இறக்குகிற காவல் வேலை. அக்காவும் தோட்டத்தில் வேலை செய்ததால் தோட்டம் கொடுத்த வீட்டுக்கும் மோசமில்லை, சோற்றுக்கும் மோசமில்லை. ஆனால் மச்சானுக்கு அப்போது வயது நாற்பதுதான். அந்தக் கொட்டகையைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தார். ஸ்டியரிங் இல்லாத மச்சானை என்னாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு நாள் நேரே கிளினிக்குக்குப் போய் டாக்டர் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னைய வண்டிய விட்டு எறக்குனது நீங்கதான் ஐயா. உங்க வண்டியிலயாச்சும் ஏத்திக்குங்க."

மச்சான் அதுவரை வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான். டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தாராம். அவருக்கும் ஒரு டிரைவர் தேவைப்பட்டது. மனைவி மங்கையற்கரசிக்குக் கார் ஓட்டத் தெரியாது. கோயிலுக்கு, கிள்ளான் கடைகளுக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு என்று நாள் தவறாமல் எங்காவது போக வேண்டும். ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும், அம்மாவுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, மச்சானின் தலையெழுத்து அந்த அம்மாவின் கையில்.

கார்தான் வில்லங்கம். டாக்டர் அப்போது புதிதாக ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், டர்போ, அதிலும் ஆட்டோமேட்டிக். முன்னால் இரண்டு பேர் சொகுசாக உட்காரலாம். பின்னால் உட்காருகிறவன் முழங்காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். கிளட்ச் கிடையாது, இரண்டே பெடல். பிரேக் மட்டும் நல்ல அகலம்.

முதல் நாள் அம்மா அர்ச்சனைத் தட்டோடு ஏறினார். பஸ் ஸ்டாண்டு வளைவில் வேகத்தைக் குறைக்கும்போது மச்சானின் இடது கால் பதினெட்டு வருஷப் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய், அந்த அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. கார் அறைந்த மாதிரி நின்றது. தேங்காய் காலடியில் உருண்டது. அம்மாவின் மூக்குக் கண்ணாடி முன்கண்ணாடியில் போய் மோதியது.

"இதென்ன ஓட்டம்? ஆளைக் கொல்லப் பாக்கிறீரே?"

மறுநாள் மச்சான் ஒரு யோசனை செய்தார். இடது காலை மடக்கி, சாப்பாட்டுக்குச் சம்மணம் போடுகிற மாதிரி சீட்டின் மேல் போட்டுக்கொண்டு, வலது காலால் மட்டும் ஓட்டினார். அம்மா அதையும் பார்த்துவிட்டார். "பந்தியிலை இருக்கிறமாதிரி இருந்துகொண்டு கார் ஓடுற ஆளை இப்பதான் பாக்கிறன்" என்று வீட்டுக்குப் போய் டாக்டரிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு கால் அடங்கிவிட்டது. ஆனால் அம்மாவின் நெஞ்சு அடங்கவில்லை. மூன்று வாரமாக ஒரு கையை டாஷ்போர்டில் ஊன்றிக்கொண்டேதான் வந்தார். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது வந்தது கிளப் விளையாட்டு விழா.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில், உரம் தூவும் சின்ன விமானம் இறங்குவதற்காகப் போட்ட பழைய தார் ஓடுபாதை இருந்தது. தோட்ட மேனேஜர்களின் கிளப் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கார் போட்டி வைத்தது. நின்ற இடத்திலிருந்து இருநூறு மீட்டர், இரண்டிரண்டு கார்களாக. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்பு. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். டாக்டருக்கு ஜோடியாக வந்தவர் எங்கள் பாலகிருஷ்ணன் துரையேதான். அவருடையது கியர் போட்டு ஓட்டுகிற கார். "ஆட்டோமேட்டிக்கு காத்து வாங்கப் போறதுக்குத்தான் சரி டாக்டர்" என்று பல மாதமாகக் கிளப்பில் சீண்டிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மச்சானோடு நானும் போயிருந்தேன். அம்மாவும் மதியச் சாப்பாட்டுக்கென்று ஒரு பாத்திரம் நிறையத் தேங்காய்ப்பால் சொதி வைத்துக்கொண்டு வந்து, கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஓட்டத்தில் கொடி இறங்கியதும் டாக்டர் ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தார். கார் ஒரு பெருமூச்சு விட்டு, யோசித்துக்கொண்டே கிளம்பியது. டர்போவின் குணம் அது. இன்ஜின் புகை வேகமாக வெளியே போனால்தான் உள்ளே இருக்கும் காற்றாடி சுற்றும். காற்றாடி சுற்றினால்தான் இன்ஜினுக்கு முழுப் பலம் வரும். நின்ற இடத்தில் அந்தக் காற்று இருக்காது. அது வந்து சேர்வதற்குள் துரை மூன்று கார் நீளம் முன்னால் போய்விட்டார். திரும்பி வந்த டாக்டரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

மச்சான் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, சேத்துல டக்குனு மிதிச்சா டயரு சும்மா சுத்தும். பிரேக்க புடிச்சிக்கிட்டே இன்ஜின ஏத்தணும். தள்ளுறது முதுகுல தெரியும். அப்ப விட்டா வந்துரும்."

பதினெட்டு வருஷமாக எனக்குச் சொல்லாத ரகசியத்தை டாக்டருக்குச் சொல்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. டாக்டர் ஓரமாகக் காரைக் கொண்டுபோய்ச் செய்து பார்த்தார். இடது காலால் பிரேக், வலது காலால் ஆக்ஸிலேட்டர். சொன்னதைச் செய்தார், ஆனால் இடது காலைச் சூடு பட்ட மாதிரி வெடுக்கென்று எடுத்துவிட்டார். பின்சக்கரங்கள் கிறீச்சென்று நின்ற இடத்திலேயே சுற்றிப் புகைந்தன. கார் பக்கவாட்டில் ஆடிவிட்டு நின்றது. டாக்டர் இறங்கிச் சாவியை நீட்டினார்.

"என்னாலை ஏலாது. நீரே ஓடும்."

எதிரே நிற்பது மச்சானுக்குச் சோறு போடுகிற துரை. அவரை ஊர் பார்க்கத் தோற்கடித்துவிட்டு, நான்கு நாளில் அம்மாவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஜாகா கொட்டகையும் போய்விடும். மச்சானின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"பேசாம தோத்துடுங்க லா மச்சான்."

"தோக்குறதுக்கு டாக்டரு போதும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டு ஏறினார். டாக்டர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை டாக்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மச்சான் இடது காலால் பிரேக்கை இறுக்கி மிதித்தார். கொடிக்காரர் கையைத் தூக்கியதும் வலது காலால் மெல்ல மெல்ல இன்ஜினை ஏற்றினார். டர்போ மீட்டரின் முள் படுத்திருந்த இடத்தைவிட்டு எழுந்தது. காரின் பின்பக்கம் தாழ்ந்து, உடம்பு முழுக்க அதிர்ந்தது. அதிக நேரம் பிடித்தால் கியர் எண்ணெய் கொதித்துவிடும், முன்னதாக விட்டால் காற்று வந்திருக்காது. மச்சான் முள்ளைப் பார்க்கவே இல்லை. இரண்டு மூச்சு. கொடி இறங்கியது. தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை எடுப்பது போல இடது காலை எடுத்தார். வலது காலைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்து, டயர் தாரைக் கவ்வியது தெரிந்த பிறகு அடிவரை மிதித்தார்.

ஒரு கிறீச்சுச் சத்தம்கூட இல்லை. கார் நின்றிருந்த இடம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். துரை இரண்டாவது கியரைத் தேடிக்கொண்டிருக்கும்போது சிவப்புக் கார் ஒரு நீளம் முன்னால் போய்விட்டது. கடைசியில் துரை எட்டிப் பிடிக்கத்தான் பார்த்தார். ஆனாலும் அரைக் கார் வித்தியாசத்தில் மச்சான் கோட்டைத் தாண்டினார். தோற்றுவிடச் சொன்ன நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதும் விட்டேன்.

சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான் நீடித்தது. துரை வந்து டாக்டருக்குக் கை கொடுத்தார். மச்சானைப் பார்த்துச் சிரிக்காமல், "ஜாகா வேலைக்கு நீ ரொம்ப வேகம் வீரன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து கூடாரத்திலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"உந்த மனுசன் ஓடினால் நான் இனிக் காரிலை ஏறமாட்டன்!"

ஜெயித்துக் கெட்டவன் என்று உலகத்தில் ஒருவன் உண்டானால் அது என் மச்சான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வாளியில் தண்ணீர் எடுத்து டயரில் ஒட்டிய தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். கை மட்டும் ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்கு வெயிலில் தலைவலி வந்துவிட்டது. டாக்டரோ பரிசளிப்புக்குக் காத்திருந்தார். அதோடு கூட்டாளிகள் ஊற்றிக் கொடுத்த பீர் வேறு. அம்மா அரை மணி நேரம் பொறுத்தார். பிறகு வேறு வழியில்லாமல் எழுந்து வந்து முன் சீட்டில் ஏறினார். மிச்சமான சொதி அரைப் பாத்திரம் அவர் மடியில். மூடி எங்கோ தொலைந்துபோய் மேலே ஒரு வாழையிலைத் துண்டு. உடுத்தியிருந்ததோ பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை. பின்னால் முழங்காலை முகவாய்க்குக் கொடுத்தபடி நான்.

கார் கிளம்பியது எனக்குத் தெரியவில்லை. வெளியே செம்பனை மரங்கள் நகர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் அந்தச் சொதியையே பார்த்துக்கொண்டு வந்தேன். குழி வந்தது, வளைவு வந்தது, எதிரே லோரி வந்தது. மஞ்சள் சொதி லேசாகச் சிலிர்த்துவிட்டு அடங்கியது. முதல் மைலில் டாஷ்போர்டில் இருந்த அம்மாவின் கை, நாலாவது மைலில் மடிக்கு வந்தது. ஏழாவது மைலில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்துகொண்டது. அம்மா தூங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கிராமத்து மாடு ஒன்று மரங்களுக்குள்ளிருந்து ரோட்டுக்கு வந்து நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் நின்றிருந்தது. மாடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொதி பாத்திரத்தின் விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அம்மாவின் மூச்சு மாறவில்லை.

கோலசிலாங்கூர் வீட்டு வாசலில் நிறுத்தி, ஏர்கானை ஓடவிட்டு, மச்சான் எழுப்பாமல் காத்திருந்தார். கால் மணி நேரம் கழித்து அம்மா தானாகக் கண் விழித்தார். முதலில் பாத்திரத்தைப் பார்த்தார். அடுத்து சேலையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிரித்துப் பார்த்தார். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. இறங்கி நாலடி நடந்து, திரும்பாமலே சொன்னார்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வாரும். கிள்ளானுக்குப் போகவேணும். அதுக்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் எட்டு மணிதான்."

நாங்கள் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், துரையை வீரன் தோற்கடித்த செய்தி லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. அக்கா இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள்.

"தொரைய ஜெயிச்சிட்டு வந்திருக்கியாமே! நாளைக்கி எந்தக் கேட்டுல போயி நிப்ப?"

"எட்டு மணிக்கு டாக்டர் வூட்ல" என்றார் மச்சான். "வேல நெரந்தரமாயிருச்சி."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அவரிடமிருந்த மூன்று சட்டைகளையும் எடுத்துப் போட்டு இஸ்திரி போட ஆரம்பித்தாள்.